புங்குடுதீவுக்கு இருந்த இன்னொரு பெயர்

யாழ்ப்பாணத்தில் குறிகாட்டுவான் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துகொள்ளுங்கள். கோட்டையைத் தாண்டி பஸ் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்நீரேரி விரியும். களங்கண்ணித் தடிகள் வரிசை வரிசையாக நிற்கும். மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டியோடு வேலணைத் தீவு தொடங்கிவிடும். அதன் மறுகோடியில் இன்னொரு தாம்போதி, அதற்கப்பால் புங்குடுதீவு. தீவின் மேற்குக் கரையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகெடுப்பது அங்கேதான்.

இதே வழியில் ஒல்லாந்தர் கீறிய வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு போனால் வேறு ஊர்கள் வரும். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ஃப்ட். வடக்கே காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம். 1658 யூன் மாதம் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு கிளைகளாக இயங்கியது. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்கைசன். ஆறின் பெயர்களும் எங்கள் கடலில் இறங்கின. இரணைதீவின் இரண்டு துண்டுகளுக்குக்கூட ஹூர்ன், என்கைசன் என்று ஆளுக்கொன்று கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பிலிப்பு பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர்களைக் காணலாம். இன்றுவரை உயிரோடிருப்பது டெல்ஃப்ட் ஒன்றுதான். மற்றவற்றை எங்கள் சனங்கள் நாவில் ஏற்றவேயில்லை.

நான் புங்குடுதீவைக் கடக்கும்போதெல்லாம் அந்த மிடில்பேர்க்கை நினைத்துக்கொள்வேன். காரணம், உலகத்தின் முதல் தொலைநோக்கி எழுத்துச் சான்றோடு வெளிப்பட்ட ஊர் அது. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு நானூறு ஆண்டுகளாக நடக்கிறது. வழக்கின் சாட்சிப் பெயர்களாக லெய்டனும் டெல்ஃப்டும் வருகின்றன. எங்கள் பஸ்ஸும் படகும் போகிற ஒரே தடத்தில் இந்த மூன்று பெயர்களும் வந்து விழுந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு சாதாரணக் குழாயும் இரண்டு கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்த பொருளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று காணலாம்.

1608 செப்ரெம்பர் 25. ஸீலாந்து மாகாண ஆலோசகர்கள், ஹேக் நகரில் தேசப் பேரவையில் இருந்த தங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். இதைக் கொண்டுவருபவரிடம் ஒரு கருவி இருக்கிறது, கண்ணாடிகளின் ஊடாகப் பார்த்தால் வெகு தூரத்துப் பொருள்கள் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிகின்றன என்கிறார், மொரிஸ் இளவரசரைக் காண இவருக்கு உதவுங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். கொண்டுபோனவரின் பெயர்கூட அதில் இல்லை. தொலைநோக்கியைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லாமல் பேசுகிற மிகப் பழைய ஆவணம் இதுவே.

கொண்டுபோனவர் ஹான்ஸ் லிப்பர்ஹே என்பது அடுத்த வாரத்தில் தெரிகிறது. ஜேர்மனியின் வேசல் ஊரில் பிறந்து மிடில்பேர்க்கில் குடியேறிய மூக்குக்கண்ணாடிக்காரர். 1602இல் அந்த ஊர்க் குடியுரிமை பெற்றவர். அதே 1602இல், மிடில்பேர்க் அமைந்திருக்கும் அதே வால்க்கரன் தீவின் வேரே துறையிலிருந்து முந்திய ஆண்டில் பாய் விரித்த யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அவர் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனிடம் கொடுத்தது மொரிஸ் இளவரசரின் கடிதத்தை. ஆறு ஆண்டு கழித்து லிப்பர்ஹே நீட்டிய குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தவரும் அதே மொரிஸ்தான். எங்கள் தீவின் அரசியலும் இந்தக் குழாயின் கதையும் இவ்வளவு அருகருகே ஓடியிருக்கின்றன.

இளவரசர் ஹேக்கில் தம் மாளிகைக் கோபுரத்தில் ஏறி அதன் ஊடாகப் பார்த்தார். டெல்ஃப்ட் நகரத்து மணிக்கூடு தெரிந்தது. லெய்டன் தேவாலயத்தின் யன்னல்கள் தெரிந்தன. இந்தச் செய்தி 1608 ஒக்ரோபரில் அச்சேறிய ஒரு சிறுபிரசுரத்தில் இருக்கிறது. அந்தப் பிரசுரத்தின் முதன்மைப் பொருளே வேறு. சீயம் நாட்டு மன்னர் அனுப்பிய தூதுக்குழு 1608 செப்ரெம்பர் 10இல் ஹேக் வந்துசேர்ந்ததைச் சொல்வதற்காக எழுதப்பட்டது அது. கீழைத்தேசத்தவர் ஐரோப்பிய மண்ணில் இறங்கிய அதிசயத்துக்குப் பின்னொட்டாகத் தொலைநோக்கி இடம்பிடித்திருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள்கூட இதில் தெரிகின்றன என்று ஒரு வரியும் உண்டு. கலிலியோ வானத்தை நோக்கித் தம் குழாயைத் திருப்புவதற்கு ஓராண்டு முன்னரே எழுதப்பட்ட வரி அது.

டெல்ஃப்ட் மணிக்கூடு தெரிந்தது என்றால் என்ன அர்த்தம்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹேக்கிலிருந்து டெல்ஃப்ட் ஏறக்குறைய 9 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் போகிற அளவு. லெய்டன் அதைவிடத் தூரம், சாவகச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 9 கிலோமீற்றர் தூரத்தில் அந்தக் கோணத்துக்குள் இரண்டரை மீற்றர் அடங்கிவிடும். அதாவது சுன்னாகத்தில் உயரமான ஓரிடத்தில் நின்று யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தால், மணிக்கூடு இருக்கிற இடம் ஒரு புள்ளி, அவ்வளவுதான். மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும் குழாய் கையில் இருந்தால் ஒரு மீற்றருக்கும் குறைந்தவை பிரிந்து தெரியத் தொடங்கும். புள்ளி வட்டமாகும். பெரிய கோபுர மணிக்கூடு என்றால் முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் ஊகிக்கலாம். மூன்று மடங்கு என்பது எங்கள் காதுக்குச் சின்னக் கணக்கு. திருவிழாவில் விற்கிற விளையாட்டுக் கண்ணாடியும் அவ்வளவு செய்யும். ஆனால் அதுவரை எந்த மனிதரும் தன் கண்ணின் எல்லையைத் தாண்டிப் பார்த்ததில்லை.

நிலமும் அதற்கு ஒத்தாசை செய்தது. ஒல்லாந்து எங்கள் குடாநாடு போல மலையில்லாத தட்டை நிலம். தரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் நாலைந்து கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். முப்பது மீற்றர் உயரக் கோபுரத்தில் ஏறினால் அது ஏறக்குறைய இருபது கிலோமீற்றருக்குப் போய்விடும், குறுக்கே மறைக்க ஒரு குன்றும் கிடையாது. இப்படியான நாட்டில் தொலைநோக்கியின் போர்ப் பயனை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயினோடு சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை அது. எதிரிப் படைத் தளபதி ஸ்பினோலாவும் ஹேக்கில்தான் இருந்தார். அவரும் அந்தக் குழாயின் ஊடாகப் பார்த்தார். இனி நான் எங்கு நின்றாலும் பாதுகாப்பில்லை, தூரத்திலிருந்தே கண்டுவிடுவீர்கள் என்று அவர் சொன்னதாகப் பிரசுரம் கூறுகிறது.

லிப்பர்ஹே கேட்டது முப்பது ஆண்டுக் காப்புரிமை, இல்லாவிட்டால் ஆண்டுதோறும் ஒரு கொடுப்பனவு. ஒக்ரோபர் 2ஆம் திகதி பேரவை அதை எடுத்துப் பேசியது. ஒரு கண்ணால் பார்ப்பது சிரமமாக இருக்கிறது, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்ய முடியுமா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். முடியும் என்றார், செய்தும் காட்டினார். மூன்று இருகண் கருவிகளுக்குச் சேர்த்து 900 கில்டர் கொடுக்கப்பட்டது. காப்புரிமை மட்டும் கிடைக்கவில்லை.

ஏனென்றால் இரண்டு வாரமளவில் வேறு இருவர் வந்துவிட்டார்கள். ஒக்ரோபர் 14இல் ஸீலாந்துப் பிரதிநிதிகளுக்குத் தகவல் வருகிறது: மிடில்பேர்க்கிலேயே இன்னொரு இளைஞனுக்கும் இந்தத் தொழில் தெரியும். மூன்று நாள் கழித்து அல்க்மார் ஊரைச் சேர்ந்த யாக்கோப் மெற்றியஸ் நேரே மனுக் கொடுக்கிறார். தான் இரண்டு ஆண்டுகளாக இதில் உழைத்து வருவதாகவும் தன் கருவியும் குறைந்ததல்ல என்றும் சொன்னார். அவருக்கு 100 கில்டர் கொடுத்து, இன்னும் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் பிறகு அதை எவருக்கும் காட்டாமல் ஒதுங்கிவிட்டார். இருந்தும் 1637இல் டேக்கார்ட் ஒளியியலைப் பற்றி எழுதியபோது தொலைநோக்கியைக் கண்டவர் என்று அந்த மெற்றியஸின் பெயரைத்தான் போட்டார். அதே 1608 இலையுதிர்காலத்தில் பிராங்பேர்ட் சந்தையில் யாரோ ஒரு வியாபாரி இப்படியொரு குழாயை விற்கப் பார்த்ததையும், அதில் ஒரு வில்லை வெடித்திருந்ததையும், விலை படியாமல் போனதையும் சீமோன் மாரியுஸ் என்ற வானியலாளர் பின்னாளில் பதிந்திருக்கிறார்.

டிசெம்பர் 15இல் பேரவை முடிவைச் சொன்னது. பலருக்கும் இந்தக் கலை தெரிந்திருப்பதால் காப்புரிமை தர இயலாது. நீதி தெரிந்த முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஒரு பொருளைப் பார்த்த கணமே செய்துவிடலாம் என்றால் அதற்கு வேலி போட எந்த அரசாலும் முடியாது. 1609 ஏப்ரல் முடிவதற்குள் பாரிஸ் மூக்குக்கண்ணாடிக் கடைகளில் இந்தக் குழாய்கள் விலைக்கு வந்துவிட்டன. யூலையில் இங்கிலாந்தில் தோமஸ் ஹரியட் அதைக் கொண்டு சந்திரனைப் பார்த்து வரைந்தார். ஓகஸ்டில் கலிலியோ வெனிஸ் பிரபுக்களை மணிக்கோபுரத்தில் ஏற்றி எட்டு மடங்கு காட்டினார். அடுத்த யனவரியில் இருபது மடங்கோடு வியாழனின் நிலாக்களைக் கண்டார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

மிடில்பேர்க் வழக்கு அத்தோடு முடியவில்லை. நாற்பத்தேழு ஆண்டு கழித்து அது திரும்பவும் எடுக்கப்பட்டது. அந்த ஊரில் பிறந்து பிரான்சில் ஒல்லாந்துத் தூதராக இருந்த வில்லெம் போரேல், தன் ஊருக்கு உரிய பெருமையை நிலைநாட்ட விரும்பி, விசாரித்துச் சொல்லும்படி நகரசபைக்கு 1655இல் எழுதினார். நகரசபை வயதானவர்களை அழைத்துச் சாட்சியம் எடுத்தது. சிலர் லிப்பர்ஹேயைச் சொன்னார்கள். யோஹான்னஸ் என்பவர் எழுந்து, தன் தந்தை சக்கரியாஸ் யான்சன் 1590இலேயே தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார் என்றார். சக்கரியாஸும் மூக்குக்கண்ணாடிக்காரர், லிப்பர்ஹேயின் அயலவர். கள்ளக்காசு அடித்துத் தண்டிக்கப்பட்டவர் என்பதும் ஆவணங்களில் உண்டு.

இந்தச் சாட்சியத்தை வைத்து 1656இல் பியேர் போரெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு நூலையே வெளியிட்டார். யான்சனின் பெயர் பாடப்புத்தகங்களில் ஏறியது அப்படித்தான். நுணுக்குக்காட்டியைக் கண்டவரும் அவரே என்று இன்றைக்கும் பலர் படிக்கிறார்கள். ஆனால் 1590இல் சக்கரியாஸுக்கு வயது ஐந்தளவு. சாட்சி சொன்ன மகன் பிறந்ததே 1611இல். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அதே மகன் 1634இல் ஐசாக் பேக்மன் என்ற அறிஞருக்கு வில்லை தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது அவர் சொன்ன கதையைப் பேக்மன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தகப்பன் முதல் குழாயைச் செய்தது 1604இல், அதுவும் 1590 என்று பொறித்திருந்த ஓர் இத்தாலியக் கருவியைப் பார்த்து. இருபது ஆண்டில் ஒரு வாயிலிருந்தே இரண்டு கதை. அவர் பொய்யர் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. எங்கள் ஊரிலும் முதல் கிணறு வெட்டியது யார், முதல் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு விடை இருக்கும். சொல்லச் சொல்லத் தகப்பன் வளர்வார், ஆண்டு பின்னுக்குப் போகும்.

சரிபார்ப்பதற்கு இனி வழியும் குறைவு. 1940 மே 17இல், யுத்தத்தின் நடுவே மிடில்பேர்க் நகரம் தீப்பிடித்து எரிந்தது. ஞானஸ்நானப் பதிவுகள், திருமணப் பதிவுகள், நகரப் பத்திரங்கள் சாம்பலாயின. கொர்னெலிஸ் தெ வார்ட் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே அவற்றில் தேடிப் படியெடுத்து 1906இல் நூலாக்கியிருந்ததால்தான் யான்சனைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. 1981 யூனில் ஒரு நூல்நிலையம் எரிந்ததைக் கண்ட ஊரிலிருந்து வாசிக்கும்போது அந்த வரியில் எனக்கு நெஞ்சு அடைக்கும். எரிந்துபோன கட்டில் எந்தத் தாள் இருந்தது என்பதைப் பிறகு யாரும் கணக்கெடுக்க முடியாது. முன்பே யாரோ ஒருவர் இருந்து படியெடுத்த தாள்தான் மிஞ்சும்.

உரிமை கேட்ட வேறு நாடுகளும் உண்டு. இத்தாலியில் டெல்லா போர்ட்டா 1589இலேயே குவிவு, குழிவு வில்லைகளைச் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தார். இங்கிலாந்தில் டிக்ஸ் என்பவர் தூரத்துப் பொருளைக் கண்ணாடியால் கண்டதாக 1571இல் அவர் மகன் பதிப்பித்த நூல் சொல்கிறது. ஸ்பெயினில் கிரோனா ஊரைச் சேர்ந்த றோகெற் என்ற கண்ணாடிக்காரர்தான் முதல்வர் என்று 1618இல் ஓர் இத்தாலியர் எழுதினார். இவை ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு வாதாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். நான் இதில் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. யார் முதலில் என்று கேட்டுக் களைத்த பிறகு வேறொரு கேள்வி எழுகிறது. அதுதான் என்னை இந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

ஏன் இவ்வளவு பிந்தியது?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சிக்கு வெள்ளெழுத்து. பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி வைத்திருக்கிறா. அது நடு தடித்த குவிவு வில்லை. பேரப்பிள்ளைக்குக் கிட்டப்பார்வை, கரும்பலகை தெரியாது. அவனுடைய கண்ணாடி நடு மெலிந்த குழிவு வில்லை. அப்பாச்சியின் கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, பேரனின் கண்ணாடியைக் கண்ணோடு வைத்து, இரண்டின் ஊடாகவும் தூரத்துப் பனையைப் பார்த்தால் பனை கிட்ட வரும். முன்னாலுள்ள குவிவு வில்லை ஒளிக்கதிர்களை ஒரு புள்ளியை நோக்கிச் சாய்க்கிறது. அவை அங்கே போய்க் கூடுமுன் குழிவு வில்லை வழிமறித்துத் திரும்பவும் இணையாக்கிக் கண்ணுக்குள் அனுப்புகிறது. இந்தச் சாய்ப்பிலும் நிமிர்த்தலிலும் கோணம் பெருக்கிறது. எத்தனை மடங்கு என்பதற்கு ஒரு எளிய வகுத்தல் போதும். முன்வில்லையின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். கூட்டல் 2 எண் கண்ணாடி என்றால் 50 சென்ரிமீற்றர், கழித்தல் 10 என்றால் 10 சென்ரிமீற்றர். ஐந்து மடங்கு. இரண்டுக்கும் இடையில் விட வேண்டிய தூரம் 40 சென்ரிமீற்றர். சூரியன் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பக் கூடாது. கண் போய்விடும்.

குவிவு வில்லை மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. குழிவு வில்லையும் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கடைக்கு வந்தாயிற்று. ஆக ஒன்றரை நூற்றாண்டு காலம், ஐரோப்பாவின் ஒவ்வொரு கண்ணாடிக் கடையிலும் இரண்டும் ஒரே மேசையில் கிடந்திருக்கின்றன. கடைக்காரர் ஒருவர்கூட, கடைக்கு வந்த பிள்ளை ஒன்றுகூட அவற்றை ஒன்றின் முன் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கவில்லை என்று நம்ப முடியுமா? என்னால் முடியவில்லை. பார்த்திருப்பார்கள். மங்கலாகத் தெரிந்திருக்கும். வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த மங்கலுக்கான காரணத்தைத் தேடியவர் றோல்ஃப் வில்லாக் என்ற ஆய்வாளர். பழைய மூக்குக்கண்ணாடிகளையும், திருப்பண்டப் பேழைகளில் பதித்திருந்த இடைக்கால வில்லைகளையும் ஒளியியல் முறையில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார். அந்த வில்லைகளின் நடுப்பகுதி சுமாராக நன்றாகவே இருந்தது. ஓரத்துக்குப் போகப் போக வளைவு கெட்டுப்போயிருந்தது. கையால் தேய்க்கும்போது விளிம்பில் கூடுதலாகத் தேய்ந்துவிடுவது இயல்பு. மூக்குக்கண்ணாடிக்கு அது குறையே இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்மணியின் திறப்பு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். ஆகவே எந்தக் கணத்திலும் கண் பயன்படுத்துவது வில்லையின் மிகச் சிறிய ஒரு துண்டை. அந்தச் சிறு துண்டுக்குள் வளைவு பெரிதாக மாறாது. தொலைநோக்கியில் நிலைமை தலைகீழ். மூன்று மடங்கு பெருக்கினால் முன்வில்லையில் மூன்று மடங்கு அகலமான பகுதி வேலைக்கு வரும். அதிலுள்ள கோணலும் மூன்று மடங்கு பெருத்துத் தெரியும். நல்ல நடுவிலிருந்து வரும் கதிர் ஒரு படத்தைத் தீட்டும்போது, கெட்ட ஓரத்திலிருந்து வரும் கதிர் அதன் மேலே சாம்பலைப் பூசும்.

அப்படியானால் வழி? ஓரத்தை மூடிவிட வேண்டும். வில்லையின் மேல் ஒரு மட்டை வளையம். நடுவில் விரற்கடை அகலத்துக்கு ஒரு துளை. வில்லாக்கின் வாதம் இதுதான்: 1608இல் மிடில்பேர்க்கில் நடந்த கண்டுபிடிப்பு இரண்டு வில்லைகளைச் சேர்த்தது அன்று, அந்த வளையத்தை வைத்தது. கூட்டியதால் வராத தெளிவு குறைத்ததால் வந்தது. கலிலியோவின் பெயரால் இத்தாலியில் பாதுகாக்கப்படும் குழாய்களிலும் முன்வில்லையின் விளிம்பு வளையத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் வரை அகலமுள்ள வில்லையைத் தேய்த்துவிட்டு, அந்த அகலத்தில் ஏறக்குறைய பாதியை மூடி வைத்தார் அவர்.

வில்லாக்கின் வாதத்தை முதன்முதல் வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கிடுகுக் கூரை. கிடுகு இற்றுப்போன கொட்டிலில் தரையெல்லாம் வட்ட வட்டமாக வெயில் காசு விழுந்திருக்கும். பொத்தல் சதுரமோ கீறலோ, விழுவது வட்டம்தான். அது சூரியனின் படம். 2010 யனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்தின் மேலாகப் போனது. அந்த நேரத்தில் கூரைக் கீழும் மர நிழலிலும் விழுந்த காசுகள் முதலில் பிறையாகி, பிறகு வளையல் வளையலாகத் தரையில் கிடந்தன. சின்னப் பொத்தலின் வளையல் கூராகவும், பெரிய பொத்தலின் வளையல் கலங்கியும் இருந்தன. வழி ஒடுங்கினால் கதிர்களுக்குத் திசை மாறித் திரிய இடமில்லை. வெளிச்சம் குறையும், உருவம் தெளியும். வில்லையின் கோணலும் கூரைப் பொத்தலும் ஒரே கணக்கில்லை என்றாலும், ஒடுக்கினால் கூர்மை வரும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது. கண்ணாடி இல்லாதபோது தூரத்து பஸ்ஸின் பலகையை வாசிக்க எங்கள் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவதும், விரலை வளைத்து அதன் ஊடாகப் பார்ப்பதும் இதே பாடத்தால்தான்.

இதை ஏற்றுக்கொண்டால் அந்தப் பழைய வழக்கின் எல்லாச் சாட்சிகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. டெல்லா போர்ட்டா எழுதியதும் உண்மையாக இருக்கலாம், இத்தாலியிலிருந்து வந்த குழாய் ஒன்று யான்சன் வீட்டில் கிடந்ததும் உண்மையாக இருக்கலாம். அவை காட்டியது சாம்பல் பூசிய படமாக இருந்திருக்கும், ஒருவரும் அதை இளவரசரிடம் எடுத்துப்போகத் துணிந்திருக்க மாட்டார்கள். வளையம் வைத்த நாளிலிருந்து அது அரசவைக்குக் கொண்டுபோகத் தக்க பொருளாயிற்று. பார்த்தவர் அடுத்த நாளே செய்துகொள்ளத் தக்க பொருளும் ஆயிற்று. மிடில்பேர்க் இளைஞனும் அல்க்மார் மெற்றியஸும் பிராங்பேர்ட் வியாபாரியும் சில வாரங்களுக்குள் வரிசையாக வந்து நின்றதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த மட்டையை முதன்முதல் வெட்டிய கை லிப்பர்ஹேயுடையது என்று அடித்துச் சொல்ல ஒரு தாளும் இல்லை. முதலில் அதைத் துணிந்து வெளியே கொண்டுபோனவர் அவர், அதற்குத் தாள் இருக்கிறது.

டெல்ஃப்டைச் சொல்லாமல் போனால் நெடுந்தீவாருக்கு வஞ்சனை செய்ததாகும். ஹேக் கோபுரத்திலிருந்து தெரிந்த அந்த ஊரில் 1632இல் பிறந்தவர் அன்ரனி வான் லேவன்ஹூக், துணிக்கடைக்காரர். இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே பொதிந்த ஒற்றை வில்லையால், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதன்முதல் கண்டவர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த காலத்தில், 1676இல், பற்றீரியாவைப் பற்றி அவர் லண்டனுக்கு எழுதினார். தம் மிகச் சிறந்த வில்லைகளை எப்படிச் செய்தார் என்பதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. முந்நூறு ஆண்டுக்கு மேல் அது இரகசியமாகவே இருந்தது. 2021இல் அவருடைய கருவி ஒன்றைத் திறக்காமலே நியூத்திரன் கதிரால் ஊடுருவிப் பார்த்தார்கள். 266 மடங்கு பெருக்கும் அந்த வில்லை, கண்ணாடி இழையின் நுனியை நெருப்பில் உருக்கினால் திரளும் சிறு மணி. மணி திரண்ட பிறகு தேய்க்க வேண்டிய வேலையும் இல்லை. அதே செய்முறையை ரொபேர்ட் ஹூக் 1678இல் அச்சிலேயே போட்டிருந்தார்.

குறிகாட்டுவானில் பஸ் நிற்கும்போது பொழுது சாய்ந்துவிட்டிருக்கும். கையில் நான் கொண்டுபோன பொருள், பழைய நாட்காட்டி மட்டையைச் சுருட்டிய 40 சென்ரிமீற்றர் குழாய். ஒரு முனையில் கூட்டல் 2, மறுமுனையில் கழித்தல் 10. இரண்டும் கண்ணாடிக் கடையில் வாங்கியவை. எதிர்க்கரையில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரம் வெறுங்கண்ணுக்கே தெரியும். குழாயை வைத்தால் அது எழும்பி முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஓரமெல்லாம் நீலமும் சிவப்பும் கசிந்து, நிலைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பையிலிருந்து வட்டமாக வெட்டிய கறுப்பு மட்டையை எடுத்து முன்னால் பொருத்தினேன். நடுவில் ஐந்து சதக் குற்றியை விடவும் சிறிய துளை. காட்சியின் பரப்புச் சுருங்கியது, வெளிச்சமும் இறங்கியது. கோபுரத்தின் நிலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மேல் நிலைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓடிய நிழற்கோட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படகுக்கு நின்ற ஒரு பெடியன் என்ன அண்ணை தெரியுது என்று கேட்டான். குழாயைக் கொடுத்தேன். ஒருதரம் பார்த்தான். மட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு தானாகவே அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு, படகுக்காரர் கூப்பிடும்வரை கண்ணிலிருந்து எடுக்கவில்லை.